பிடித்து வைத்த இடம்

சகாயமேரிக்கு வேலை கிடைத்தபோது யாரும் அவளை வாழ்த்தவில்லை. ஆவடியில் ராணுவத்துக்காக ஓடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம், தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ், உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரி. ஓர் ஆணுக்கு அது கிடைத்திருந்தால் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க லட்டு போயிருக்கும். சகாயமேரிக்குக் கிடைத்தது 1984-இல், அவள் புருஷன் பிரகாசம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த நாலாவது மாதம். அதனால் அதை ஒரு வேலை என்று யாரும் நினைக்கவில்லை. அவளும் நினைக்கவில்லை.

பிரகாசம் அந்தத் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டியவன். வேலையில் இருக்கும்போதே ஆள் இறந்துவிட்டால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு. அந்த ஒருவர் யார் என்பதை முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு பேசினார்கள். பேசினார்கள் என்றால், பிரகாசத்தின் அண்ணன் ஜோசப்ராஜ் பேசினார். பூந்தமல்லியிலிருந்து வந்திருந்தார். சட்டைப் பையில் மடித்த மனுத்தாள் தயாராக இருந்தது.

"பையனுக்குப் பத்து வயசு. அவனுக்குக் குடுக்க மாட்டான். அதுக்குன்னு வுட்ற முடியுமா? கெவுர்மென்ட் வேலை," என்றார். "அவனுக்குப் பதினெட்டு ஆவற வரைக்கும் நீ போய் உக்காரு மேரி. வேலைக்குப் போறன்னு நெனைக்காத. எடம் புடிச்சி வெக்கிறன்னு நெனச்சிக்கோ. பஸ்ல துண்டு போட்டு வெக்கிறோமில்ல, அதுமாதிரி."

சகாயமேரி ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் எதிரில் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தரையைப் பார்த்துத் தலையாட்டினாள்.

சமையலறை வாசலில் நின்றிருந்த ரோஸிதான் பேசினாள். பெரியவள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள்.

"பெரிப்பா, எனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சி. எனக்குக் கேட்டா குடுப்பாங்க இல்ல?"

ஜோசப்ராஜுக்குக் கோபம் வரவில்லை. சின்னக் குழந்தை ஏதோ கேட்டதுபோலச் சிரித்தார். "நீ நாளைக்கி இன்னொருத்தன் ஊட்டுக்குப் போறவ. வேலையும் உன் பின்னாலயே போயிடும். என் தம்பி உசுரக் குடுத்து வாங்கன வேலைல எவன் ஊட்டு அடுப்போ எரியணுமா?"

"நான் கல்யாணமே பண்ணிக்கல."

அறையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஜோசப்ராஜின் மனைவி, "இப்ப இப்டிதான் சொல்லுவ. ரெண்டு வருசம் போவட்டும், மாப்ள எங்கடீன்னு நீயே கேப்ப," என்றாள். துக்க வீட்டில் ஒரு மாதமாக யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் ஆறுதலாகக்கூட இருந்தது.

ரோஸி அம்மாவைப் பார்த்தாள். சகாயமேரி பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனுவை எழுதியது ரோஸிதான். வீட்டில் அழகாக எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. மனுவோடு இன்னொரு தாளும் வேண்டியிருந்தது. 'என் தாயாருக்கு இவ்வேலையை வழங்குவதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை' என்று, வயது வந்த பிள்ளை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் கோணல் மாணல் இல்லாமல் எழுதி, மை காய ஊதி, பெரியப்பாவிடம் கொடுத்தாள்.

சகாயமேரியை டூல் ஸ்டோரில் போட்டார்கள். கம்பி வலை அடித்த ஜன்னல், உள்ளே வரிசை வரிசையாக மரத்தட்டுகள், தட்டுகளில் துளைபோடும் கம்பிகள், வெட்டும் கருவிகள், அளவு பார்க்கும் கருவிகள். தொழிலாளி ஒவ்வொருவரிடமும் அவன் எண் அடித்த பித்தளை வில்லைகள் இருக்கும். ஒரு வில்லையைக் கொடுத்தால் ஒரு சாமான். சாமான் இருந்த இடத்தில் வில்லையைத் தொங்கவிட வேண்டும். சாயங்காலம் சாமானைத் திருப்பித் தந்து வில்லையை வாங்கிப் போவான். சேலைமேல் நீல நிறக் கோட்டு மாட்டிக்கொண்டு அவள் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள்.

முதல் ஆறு மாதம் அவளுக்கு அங்கே பெயர் இல்லை. 'பிரகாசம் ஊட்டம்மா' என்றார்கள். சிலர் அவளிடம் கேட்கக் கூச்சப்பட்டு, கிளார்க் உலகநாதன் வரும்வரை காத்திருந்தார்கள். உலகநாதன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். துளைபோடும் கம்பியின் அளவு அதன் அடித்தண்டில் பொடி எண்ணில் குத்தியிருக்கும். எண்ணெய்யும் அழுக்கும் ஏறிய தண்டை அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கண்ணாடியைக் கழற்றி, மூக்கருகே வைத்துப் பார்ப்பார். சகாயமேரி கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவாள்.

ஒருநாள் உலகநாதன் கொடுத்த கம்பி, கேட்டதைவிடக் கால் மில்லி பெரிது. போட்ட துளை கெட்டுப்போய், மெஷின் ஷாப்பில் பெரிய சத்தமாகிவிட்டது. மறுநாள் ஜன்னலில் ஒருவன் வில்லையை நீட்டி, "அண்ணாத்தே, நீங்க டீ சாப்ட்டு வாங்க, நான் அக்காகிட்ட வாங்கிக்கிறேன்," என்றான். உலகநாதன், "போடா டேய்," என்றார். ஆனால் டீ குடிக்கப் போனார்.

அதற்குப் பிறகு அவள் மேரியம்மா ஆனாள். இரண்டு வருஷத்தில் எந்தத் தட்டில் எது, எது முனை மழுங்கியது, எவன் வாங்கிப்போனால் உடைத்துக்கொண்டு வருவான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. புது சாமான் வந்தால் ஃபோர்மேனே அவளைக் கூப்பிட்டுப் பிரித்து அடுக்கச் சொன்னார். அவள் குறைவாகத்தான் பேசினாள். அங்கே அதுவே போதுமாக இருந்தது.

வீட்டில் அது இடம் பிடிக்கும் வேலையாகவே இருந்தது. ஜோசப்ராஜ் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வந்து பையன் சத்தியராஜின் தோளைத் தட்டி, "இன்னும் ஆறு வருசம்", "இன்னும் நாலு வருசம்" என்பார். பையன் படிப்பில் மந்தமானபோது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இடம்தான் இருக்கிறதே.

ரோஸி அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ பாகங்கள் சேர்க்கும் கம்பெனி ஒன்றுக்கு மூன்று வருஷம் போனாள். கல்யாணம் ஆகாத பெண்களை மட்டும் எடுக்கும் கம்பெனி. 1988-இல் வானகரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த அருளப்பனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கம்பெனியில் ஓர் எவர்சில்வர் குடம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தக் குடத்தைத்தான் தண்ணீர் லாரி வந்தால் எடுத்துக்கொண்டு ஓடுவாள். அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள்.

1993-இல் சத்தியராஜுக்குப் பத்தொன்பது. பிளஸ் டூ கணக்கில் இரண்டு முறை போய்விட்டது. ஜோசப்ராஜ் பூந்தமல்லியிலிருந்து வந்து உட்கார்ந்தார்.

வேலையைச் சும்மா விட்டுக்கொடுத்தால் பையனுக்குக் கிடைக்காது. அதற்கு ஒரே வழி அன்ஃபிட். உடம்பு வேலைக்கு லாயக்கில்லை என்று மருத்துவ போர்டு எழுதிவிட்டால், பிள்ளை மனுப் போடலாம். தொழிற்சாலையில் பலபேர் அப்படிச் செய்திருந்தார்கள். முதுகு போய்விட்டது என்று எழுதி வாங்கியவர் மறுவாரமே மாங்காடு கோவிலுக்கு நடந்துபோனார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். தப்பாக யாரும் நினைத்ததில்லை. பிள்ளைக்குச் செய்வதுதானே.

"கண்ணுதான் சுலுவு," என்றார் ஜோசப்ராஜ். "முதுகு, முட்டின்னா படம் எடுத்துப் பாப்பான். கண்ணு நீ சொல்றதுதான். மொத வரி பெரிய எழுத்து, அத சொல்லிடு. ரெண்டாவதுல தடுமாறு. மூணாவதுல ஒரே போடா 'தெரியல டாக்டர்'னு போட்ரு."

மனுப் போட்டாயிற்று. போர்டுக்குத் தேதி வந்தது. ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை நடந்தது. சத்தியராஜ் தேதி காலண்டரைச் சுவரோரம் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே பொடி எழுத்தில் ராகுகாலம், எமகண்டம் போட்டிருக்கும்.

"இது இன்னா, சொல்லு?"

"ஒன்றரை மூணு."

"யம்மா. தெரியலன்னு சொல்லணும்மா."

"தெரியுதேடா."

இருவரும் சிரித்தார்கள். அவன் நல்ல பையன்தான். முரட்டுத்தனம் கிடையாது. அடுத்த வருஷம் பேக்டரி என்று கூட்டாளிகளிடம் சொல்லி வைத்திருந்தான். அவன் சிரிக்கும்போது பிரகாசத்தின் சாடை தெரியும். அதைப் பார்த்தால் சகாயமேரிக்கு எதையும் கொடுத்துவிடலாம் என்று இருக்கும்.

ஆனாலும் அந்த வாரம் ஸ்டோரில் அவள் கை ஒவ்வொரு தட்டையும் தொட்டுத் தொட்டு வந்தது. இவை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று யாருக்குச் சொல்லிவிட்டுப் போவது என்று யோசித்தாள். வீட்டில் சும்மா இருந்தால் காலை ஏழே முக்காலுக்கு என்ன செய்வது என்றும் யோசித்தாள். கோவிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். இன்னும் சொல்லாத பொய்யைப் பாவம் என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது.

போர்டில் கண் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். ரோஸி வயது இருக்கும். கழுத்தில் தாலிச் சங்கிலி தெரிந்தது. மேஜைமேல் டிபன் டப்பா இருந்தது. குமாஸ்தா ஒருவர் தாளை எடுத்து வைத்து, "அன்ஃபிட் கேஸ் மேடம். புருஷன் வேலைல வந்தவங்க," என்றார்.

டாக்டர் தாளைப் புரட்டினாள். "என்ன வேலைம்மா பாக்குறீங்க?"

சகாயமேரி சொன்னாள். வில்லை, தட்டு, தண்டில் குத்திய எண். கேட்டவள் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்துக் கேட்டாள். அதனால் கொஞ்சம் கூடவே சொல்லிவிட்டாள்.

"அவ்வளவு பொடி எழுத்தா? அப்போ ஒரு வருஷமா கண்ணு தெரியலன்னு எழுதியிருக்கீங்களே, எப்படி எடுத்துக் குடுத்தீங்க? நிறைய தப்பு வந்திருக்குமே."

"வந்ததில்லம்மா."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட வந்ததில்ல."

டாக்டர் எதிர்ச்சுவரைக் காட்டினாள். விளக்குப் போட்ட பெட்டியில் தமிழ் எழுத்துகள். ஒரு கண்ணை மூடச் சொன்னாள். சகாயமேரி முதல் வரியைச் சொன்னாள். இரண்டாவதில் தடுமாற வேண்டும். வாய் தடுமாறவில்லை. மூன்றாவதில் நிறுத்த வேண்டும் என்பது நன்றாக நினைவிருந்தது. ஜோசப்ராஜின் குரல்கூடக் காதில் கேட்டது. மூன்றாவதைச் சொன்னாள். நாலாவது, ஐந்தாவது. மற்றக் கண்ணை மூடிக்கொண்டு முதலிலிருந்து மறுபடி. குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடைசி வரி முடிந்தது. அதற்கும் கீழே, அட்டையின் விளிம்பில், அச்சகத்தின் பெயர் இருந்தது. அதையும் படித்தாள்.

"அது வேண்டாம்மா," என்றாள் டாக்டர். பிறகு மெதுவாக, "நான் என்ன எழுதட்டும்?" என்றாள்.

"தெரியுதுன்னு எழுதிடுங்க," என்றாள் சகாயமேரி.

வெளியே வந்து மரத்தடியில் நின்றாள். மகனின் சோற்றை எடுத்துத் தின்றுவிட்டதைப்போல இருந்தது. வீட்டுக்குப் போகாமல் பஸ் ஏறி வானகரம் போனாள்.

ரோஸி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சகாயமேரி நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. முடித்ததும் சோப்பைக் கீழே வைத்தாள்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"இனிமேதான் சொல்லணும்."

"பொய் சொல்ல பயந்துகினியா?"

"பயம் இல்லடி." சகாயமேரி வார்த்தை தேடினாள். "ஒரு தப்பு வந்ததில்லன்னு சொன்னேன். சொன்ன வாயால தெரியலன்னு சொல்ல வர்ல. ஒன்பது வருசம். அது என் வேலடி."

ரோஸி கையிலிருந்த நுரையை வழித்துவிட்டாள். பிறகு, "இத அன்னிக்குத் தெரிஞ்சிகினு இருந்தா எனக்குக் குடுத்திருப்பியா?" என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லை. விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

"அன்னிக்கி அது வேலைன்னே எனக்குத் தெரியலயே. துண்டு போட்டு வெக்கிறதுன்னுதான் நெனச்சேன்."

"எனக்குத் தெரிஞ்சிது," என்றாள் ரோஸி. "கையெழுத்துப் போடச்சொல்லவே தெரிஞ்சிது. நீ ஒரு தடவ நிமிந்து பாத்திருந்தா நான் போட்டிருக்க மாட்டேன்."

சகாயமேரி முந்தானையைச் செருகிக்கொண்டாள். மீதித் துணியை எடுத்து அலச ஆரம்பித்தாள். ரோஸி தடுக்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் ஜோசப்ராஜ் ஆவடிக்கு வந்து, வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று, "சொந்தப் புள்ள வாயில மண்ணள்ளிப் போட்டியே மேரி," என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தியராஜ் சத்தம் போடவில்லை. மூன்றாம் நாள் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"வேணும்னேதான் படிச்சியா?"

"ஆமாம்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். அம்பத்தூரில் கூட்டாளி ஒருவன் அறைக்குப் போய்விட்டான். எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டாள். எட்டு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த எட்டு மாதமும் அவள் ஒருநாள் தவறாமல் வேலைக்குப் போனாள். செய்தது சரி என்று ஒரு நாளும் அவளால் நினைக்க முடிந்ததில்லை. தப்பு என்றும் நினைக்க முடியவில்லை. தனியாகச் சாப்பிட்டாள்.

ஈஸ்டருக்கு முன் ஒருநாள் அவன் வந்தான். உள்ளங்கையில் காய்ப்பு இருந்தது. மன்னிப்பு, கோபம் என்றெல்லாம் பேச்சு வரவில்லை. "ஒரு மீனு கொழம்பு வை," என்றான். அதன் பிறகு வருவதும் போவதுமாக இருந்தான். ஆறு வருஷத்தில் நாலு கம்பெனி மாறினான். ஒவ்வொரு முறை மாறும்போதும், "நல்லாத்தானேடா இருந்த அங்க?" என்பாள். "ஐந்நூறு கூட குடுக்கறான், இன்னாத்துக்கு அங்கயே கெடக்கணும்?" என்பான். வேலை என்றால் சாகும்வரை ஒரே கேட்டுக்குள் போய் வருவது என்று அவள் நினைத்திருந்தாள். அவனுக்கு அது கழற்றி மாட்டும் சட்டை மாதிரி இருந்தது. செம்பரம்பாக்கம் தாண்டிப் புதிதாக வந்த கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டச் சேர்ந்தபோது, முதல்முறையாக அவளிடம் அந்த மெஷினைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினான். அவள் அளவுகள் கேட்டாள். அவனுக்கு ஆச்சரியம்.

1999-இல் அவனுக்குப் பெண் பார்க்கப் பட்டரவாக்கம் போனார்கள். பெண் ஞானகுமாரி, அம்பத்தூரில் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சோதித்து அனுப்புகிறவள். ஜோசப்ராஜும் வந்திருந்தார். குடும்பத்தில் மூத்தவர், கூப்பிடாமல் இருக்க முடியாது. ஆறு வருஷத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது. சகாயமேரியோடு அளவாகவே பேசினார்.

காபி வந்தது. ஜெபம் சொன்னார்கள். பங்குச்சாமியார் யார், எந்த ஊர்ப் பூர்வீகம் என்று பேச்சு சுற்றி வந்து நின்றதும் ஜோசப்ராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பொண்ணு இப்ப வேலைக்குப் போவுது. சரி. கல்யாணத்துக்கு அப்பறம் நிறுத்திடுவீங்க இல்ல?"

பெண்ணின் அம்மா, புருஷனைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்தார். சத்தியராஜ், "அவங்ககிட்டயே கேளுங்க பெரிப்பா," என்றான்.

ஞானகுமாரி வாசலை ஒட்டி நின்றிருந்தாள். தலை குனிந்திருந்தது. ஆனால் பதில் உடனே வந்தது. "போவேன். அதுக்கு ஒத்துகிட்டாதான்."

ஜோசப்ராஜுக்கு முகம் மாறியது. "அப்டிலாம் நமக்குப் பழக்கமில்லம்மா. எங்க குடும்பத்துல பொம்பளைங்க யாரும் வேலைக்குப் போனதில்ல."

ரோஸியின் கையில் காபி டம்ளர் இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. கண்ணைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள்.

சகாயமேரி இந்த முறை அந்தப் பார்வையைப் பார்த்தாள்.

"நான் போறேன் மாமா," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பதினஞ்சு வருசமாப் போறேன்."

"அது வேற மேரி. அது சூழ்நிலை."

"வேற இல்ல மாமா. வேலைதான்." நாக்கு ஒட்டிக்கொண்டது. எச்சிலை விழுங்கிவிட்டு மீதியையும் சொன்னாள். "என் பொண்ணுக்கும் கிடைச்சிருக்க வேண்டியது. நான் அன்னிக்கு வாயத் தொறக்கல. அது என் தப்பு. இந்தப் பொண்ணு கேக்கறது சரி."

ஜோசப்ராஜ் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். வெளியே ரயில் ஒன்று போகும்வரை அறை அப்படியே இருந்தது. ரோஸி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று சகாயமேரிக்குத் தெரியவில்லை. ரோஸிக்கு முப்பத்துமூன்று வயது. அரசு வேலைக்கு மனுப் போடும் வயது தாண்டிப்போயிருந்தது. ஒரு வார்த்தை சொன்னதால் அதில் ஒரு வருஷம்கூடக் குறையாது.

பெண்ணின் அம்மாதான் முதலில் பேசினாள். பாயில் கொஞ்சம் நகர்ந்து சகாயமேரியின் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன வேலைங்க உங்களுக்கு?"

யாரும் அவளை ஒரு வீட்டில் வைத்து அப்படிக் கேட்டதில்லை. சகாயமேரி ஜோசப்ராஜைப் பார்க்காமல், தரையையும் பார்க்காமல், கேட்டவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "டூல் ஸ்டோருங்க. காலைல ஏழே முக்காலுக்கு உள்ள இருக்கணும்..."

ஞானகுமாரி வாசலிலிருந்து இரண்டடி முன்னால் வந்து நின்று கேட்டாள். ரோஸி ஜன்னல் பக்கமிருந்து திரும்பவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.